ஆசிட் தொட்டியும் என் கல்யாணமும்

எங்கள் கோயில் செயலாளர் குமரன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். தீபாவளி விடுப்பில் வந்திருந்தபோது கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ச்சும்போது கிளம்பும் வாயுவில் கெட்ட வாயு கலந்திருக்குமாம். அதைக் கழுவிப் பிரிக்கும் இடத்தில் குழாயும் கலமும் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகுமாம். வெளியே பெயின்ட் அடித்துப் புது மாப்பிள்ளை போல நிற்கும், உள்ளே அப்பளம் போல ஆகியிருக்கும் என்றார். எல்லாம் கார்பன் ஸ்டீல் என்றும் சொன்னார்.

"கறுப்பு இரும்புன்னு சொல்லுங்க தம்பி. அதை ஆசிட் தின்னுறத நான் பக்கத்துல இருந்து பார்த்தவன்" என்றேன்.

"நீங்க ரப்பர் தோட்டத்துலதானே இருந்தீங்க மாமா? அங்க ஏது ஆசிட்?"

நான் பதில் சொல்வதற்குள், தூண் பக்கம் பூத் தொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி சரசு சிரித்துவிட்டாள். "அவருகிட்ட ஆசிட்டப் பத்திக் கேக்காதீங்க தம்பி. எங்க கல்யாணமே ஆசிட்டுல ஊறி வந்ததுதான்."

குமரன் விடவில்லை. கும்பாபிஷேக மலருக்கு எழுதிக்கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், அதற்கு மேல் போகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றம் இல்லாத எழுத்து தேவாரத்தில்தான் இருக்கிறது.

பாடாங் செராய் டவுனிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம். என் அப்பா பால் வெட்டினார், அம்மா பால் வெட்டினார். எனக்கு மட்டும் மரத்தடியில் கொசுவோடு சண்டை போடப் பிடிக்கவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்டதில், பாலை ரப்பராக்கும் ஸ்டோரில், இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டருக்குக் கையாளாக இடம் கிடைத்தது. நட்டு முடுக்கினேன், எண்ணெய் போட்டேன், திட்டு வாங்கினேன். கொஞ்ச காலத்தில் நானே பிட்டர் ஆனேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் போர்மேன் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு. நாள் முழுவதும் இயந்திரத்தோடு இருப்பார், அந்தக் கால்சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. எந்தக் கோளாறு என்றாலும் முதலில் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, தரையில் விரித்து, அதன்மேல் உட்காருவார். பனங்கட்டி ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். குடித்து முடிக்கும்வரை சுத்தியலைத் தொடமாட்டார், நம்மையும் தொட விடமாட்டார்.

இன்னொரு பழக்கம், இயந்திரங்களை மரியாதையாகத்தான் கூப்பிடுவார். எஞ்சின் 'அவர்', பம்பு 'இவர்'. எங்களைத்தான் சில நேரம் 'கழுதை' என்பார்.

"ஓமடா தம்பி, இவருக்கு எங்கை நோகுது எண்டு முதல் கேளும். கேளாமல் ஸ்பேனரைத் தூக்கினால் நீர் பிட்டர் இல்லை, கசாப்புக்காரன்."

ஸ்டோரில் மரத்துப் பாலை உறையவைக்க ஆசிட் வேண்டும். பெரிய கண்ணாடிக் குடங்களில், பிரம்புக் கூடைக்குள் வைத்து வரும். கட்டெறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அதே ஆசிட்தானாம். கையில் பட்டால் ஒரு புற்று எறும்பும் சேர்ந்து கடித்த மாதிரி இருக்கும். அதை நிறையத் தண்ணீரில் கலந்து, அதற்குப் பிறகுதான் பாலில் ஊற்றவேண்டும். தண்ணீர் முதலில், ஆசிட் பிறகு. மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். இதை எங்கள் மண்டையில் ஏற்ற, யார் யாருடைய வீட்டுக்குப் போவது என்று ஐயா ஓர் உவமை வைத்திருந்தார்.

"தண்ணி பொம்பிளை. ஆசிட் மாப்பிள்ளை. ஆர் ஆற்றை வீட்டுக்குப் போறது? மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போறவர். விளங்கிச்சுதோ?"

ஒருநாள், புதிதாக வந்திருந்த ஆள் விளங்கிச்சு என்று தலையாட்டிவிட்டு, நேரே போய் ஆசிட் இருந்த வாளியில் தண்ணீரை ஊற்றப்போனார். ஐயா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். ஐயா ஓடி நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

"நான் என்ன சொன்னனான்?"

"நீங்க சொன்னதுதாங்க ஐயா. பொண்ணுதானே மாப்ள வீட்டுக்குப் போவும்? எங்க லயத்துல அப்படித்தான்லா!"

ஐயா கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பாராம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படிப் போனவனை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்வார்கள். இவ்வளவு காலமும் தன் உவமையைக் கேட்டும் இத்தனை பேர் முகம் தப்பியது கடவுள் செயல் என்று நினைத்தாரோ என்னவோ, மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஆனாலும் உவமையை மட்டும் அவர் மாற்றவே இல்லை. "உங்கடை ஊர் வழக்கம் பிழை. ஆசிட்டிட்டைக் கேட்டுப் பாரும்" என்பார்.

ஆசிட் கலக்கும் வேலை அங்கமுத்து மாமாவுடையது. அவர் என் சொந்த மாமா இல்லை, ஆகப்போகிற மாமா. அவருடைய மகள்தான் சரசு. தை மாதம் கல்யாணம் என்று பேசி, பாலிங்கிலிருந்து என் தாய்மாமன் வந்து தட்டு மாற்றிவிட்டுப் போயிருந்தார்.

அங்கமுத்து மாமா முருக பக்தர். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காத வருடம் இல்லை. காலையில் ஸ்டோருக்கு வந்ததும், வேலையைத் தொடங்கும் முன், அளவுக் குச்சியை, ஆசிட் கலக்கும் காலித் தொட்டிக்குள் விட்டு அடியில் மூன்று முறை தட்டுவார். தட்டுக்கு ஒரு முருகா. அதன் பிறகுதான் தண்ணீர், அதன் பிறகுதான் ஆசிட். அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். கோழி கூவுவதுபோல அது எங்களுக்குக் காலைச் சத்தங்களில் ஒன்று. யாரும் தனியாகக் கவனித்ததில்லை.

பழைய தொட்டி மரத்தொட்டி. அது உளுத்து ஒழுக ஆரம்பித்தபோது, துரை சிக்கனம் பார்த்துக் கறுப்பு இரும்பில் ஒரு தொட்டி செய்துகொண்டு வந்தார். மேலே மூடி, மூடியில் குச்சி விட ஒரு சின்ன வாய். ஐயா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"துரை, ஆசிட்டுக்கு இரும்பு, பூனைக்குக் கருவாடு மாதிரி" என்றார்.

துரை தோட்டத்திலேயே தமிழ் கற்றவர். எல்லாரையும் நீ என்பார், கடவுளையும் சேர்த்து. "நீ உள்ளே தார் பூசு மேன். பூனைக்குக் கருவாடு தெரியாது."

அதுவும் சரிதான். தார் முழுசாக இருந்தால் ஆசிட் இரும்பைத் தொட முடியாது. ஐயா எங்களை நிற்கவைத்து, தாரைக் காய்ச்சி, உள்ளே மூலை முடுக்கெல்லாம் தடவவைத்தார். புதுத் தொட்டிக்குப் புது அளவுக் குச்சியும் வந்தது. நுனியில் பித்தளைப் பூண் போட்ட அழகான குச்சி. அங்கமுத்து மாமா அதற்குச் சந்தனம் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் தொட்டியின் அடியில் ஓட்டை விழுந்தது.

ஊசி நுழையும் ஓட்டைதான். ஆனால் ஆசிட் சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழே சிமென்டுத் தரையை வெள்ளையாக அரித்திருந்தது. நான் ஒட்டுப் போட்டுத் தார் பூசினேன். மறுபடி ஓட்டை. ஒட்டின் மேல் ஒட்டு வைத்தேன். மறுபடி ஓட்டை, அதே இடத்தில். தொட்டியின் அடிப்பக்கம் பண்டாரத்தின் சட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் ஆசிட் பாதிக்கு மேல் ஒழுகிப்போனது தெரியாமல் மீதியைப் பாலில் ஊற்றிவிட்டோம். பால் உறையவில்லை. எல்லாருடைய காலை உழைப்பும் மோராகத் தட்டுகளில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பேச்சு கிளம்பியது. பெரிய கிராணி, அதாவது ஆபீசில் தலைமைக் கணக்குப்பிள்ளை, துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஓட்டை தானாக விழவில்லை, அங்கமுத்து குத்திவிடுகிறான், அடியில் பானை வைத்து ஆசிட்டைப் பிடித்து, பக்கத்துக் கம்போங் கிராமத்தில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விற்கிறான் என்று. துரை காவலுக்கு ஜாகாவை நிறுத்தினார். ஜாகா உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த ஓட்டை விழுந்தது. ஜாகாவையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

துரை ஸ்டோருக்கு வந்து அங்கமுத்து மாமாவை முன்னால் நிற்கவைத்தார். "இன்னொரு ஓட்டை வந்தா நீ வேலை இல்லை. வீடும் இல்லை. சாமான் எடுத்துப் போ."

தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். மாமா அழவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "முருகன் சத்தியமா நான் ஒரு சொட்டு எடுக்கல துரை" என்றார். அதற்குள் சேதி பாலிங்குக்குப் போய்விட்டது. என் தாய்மாமன் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"திருட்டுப் பட்டம் வாங்கி வீடில்லாம நிக்கிற எடத்துலயா பொண்ணு எடுக்கிறது? தை மாசம் பாப்போம். தொட்டி ஒழுகாம நின்னா கல்யாணம் நடக்கும். இல்லாட்டி நம்ம பக்கத்துல பொண்ணு இல்லாமலா போச்சு?"

பிட்டர் என்ற முறையில் அந்தத் தொட்டிக்கு ஒட்டுப் போடுகிறவன் நான். என் கல்யாணத்துக்கு நானே ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்து மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டேன். சரசுவும் வந்திருந்தாள். நிச்சயம் ஆன பெண்ணோடு பேசக்கூடாது. அவள் அம்மனைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்கிற மாதிரி, "தாயே, ஒட்டுப் போடுறவங்க கொஞ்சம் நல்லாப் போடட்டும்" என்றாள்.

லயத்து மக்கள் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். தொட்டி வைத்திருப்பது முனியாண்டி நடக்கிற பாதையாம். பூசாரிக்கு அருள் வந்தது. "என் வழியில எவன்டா தொட்டி வச்சது? குத்துவேன்டா! இன்னும் குத்துவேன்டா!" என்று ஆடினார். உடனே பாடாங் செராயில் நானா மளிகைக் கடையில் இருந்த எலுமிச்சம்பழம் முழுவதும் தோட்டத்துக்கு வந்துவிட்டது. தொட்டியைச் சுற்றி மாலை, தொட்டியின் மேல் நசுக்கிய எலுமிச்சை, காலடியில் ஒரு சேவல்.

கனகசபை ஐயா வந்து பார்த்தார். அவர் சுத்த சைவம். சேவலை ஒருமுறை பார்த்தார், சேவலும் அவரைப் பார்த்தது.

"இவருக்கு உள்ளுக்கை ஆசிட் காணாதெண்டு வெளியாலையும் புளி விடுறியளோ?" என்றார். எலுமிச்சைச் சாறு இறங்கிய இடமெல்லாம் பெயின்ட் உப்பியிருந்தது. பழங்களைத் துடைத்து எடுக்கச் சொன்னார். சேவல் பிழைத்தது.

பிறகு தொட்டியைக் காலிசெய்து, சோடாத் தூள் கலந்த தண்ணீரில் கழுவி, மூடியைக் கழற்றி, காற்றாட விட்டு, என்னை உள்ளே இறக்கினார். அப்போது நான் ஒல்லி. கையில் டார்ச்சு. ஐயா வெளியே கைக்குட்டையில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார்.

"என்ன தெரியுது?"

"கறுப்பா இருக்குங்க ஐயா."

"கழுதை, தார் கறுப்பாத்தான் இருக்கும். கறுப்பில்லாத இடம் எது?"

தேடினேன். சுவரெல்லாம் தார் முழுசாக இருந்தது. மூலைகளும் முழுசு. அடியில் ஒரே ஓர் இடத்தில், நான் கடைசியாக வைத்த ஒட்டின் மேல், தார் பெயர்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. நெற்றிப் பொட்டு அளவுதான். நடுவில் குழி. சொன்னேன்.

"அந்தப் பொட்டுக்கு நேரை மேலை பாரும். என்ன இருக்கு?"

அண்ணாந்து பார்த்தேன். மூடி கழற்றியிருந்ததால் மேலே தெரிந்தது, எழுந்து எட்டிப் பார்த்த ஐயாவின் முகம்தான்.

"நீங்கதான் இருக்கீங்க ஐயா."

"மூடியைப் போட்டுப் பாரும், விசரா!"

மூடியை வைத்தார்கள். பொட்டுக்கு நேர் மேலே, குச்சி விடுகிற வாயிலிருந்து வெளிச்சம் கோடாக இறங்கியது. ஐயாவிடம் சொன்னேன். அவர் பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் மறுபடி ஒட்டுப் போட்டேன், தார் பூசினேன், காய்ந்தது. மறுநாள் காலையில் மாமா வேலைக்கு வரும்போது ஐயா அங்கே உட்கார்ந்திருந்தார். "வழமையாய்ச் செய்யிறதைச் செய்யும் அங்கமுத்து. நான் இல்லையெண்டு நினையும்."

எப்படி நினைப்பது? வேலை, வீடு, மகள் கல்யாணம் எல்லாம் அந்தத் தொட்டியில் இருக்கிறது. எதிரே போர்மேன். மாமா குச்சியை எடுத்தார். கண்ணை மூடினார். அன்றைக்கு முருகன் எப்படியும் வந்தாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என்றைக்கும் இல்லாத பலத்தோடு இறக்கினார்.

"முருகா!" டொங்.

ஐயாவின் வாயிலிருந்த பனங்கட்டி விழுந்தது.

"முருகா!" டொங்.

"ஐயோ, இவர்..." என்று எழுந்தார் ஐயா.

"முருகா!" டொங். மாமா கண் திறந்து, "ஆச்சுங்க ஐயா, இனி தண்ணி" என்றார்.

ஐயா சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளைக் கால்சட்டையோடு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பயந்துபோனோம். அவருக்கும் அருள் வந்துவிட்டதோ என்று பூசாரியைக் கூப்பிடக்கூட ஓர் ஆள் ஓடிவிட்டார்.

பிறகு விளக்கினார். மரத்தொட்டியில் வெறுங்குச்சியால் தட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. இங்கே பித்தளைப் பூண், அடியில் தார். சின்ன வாய் வழியாக விடுவதால் குச்சி தினமும் ஒரே இடத்தில்தான் இறங்கும். மூன்று தட்டில் தார் கொஞ்சம் பெயரும். பெயர்ந்த இடத்தில் ஆசிட் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். நான் புது ஒட்டு வைப்பேன், மாமா அதன்மேல் புது முருகா வைப்பார். கேட்டு நாங்களும் சிரித்துவிட்டோம்.

மாமா அப்படியே நின்றார். "முருகன் பேரச் சொன்னதாலயா ஐயா என் வீடு போவுது?"

அவர் கேட்ட விதத்தில் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயா எழுந்து அவர் பக்கத்தில் போனார். "முருகன்ரை பேரிலை ஒரு குற்றமும் இல்லை. பேரை ஆயிரம் தரம் சொல்லும். தட்டாமல் சொல்லும்."

"தட்டாம சொன்னா எப்படிங்க ஐயா கேக்கும்? அவரு மலை மேல இல்ல இருக்காரு?"

ஐயாவும் காலையில் மணி அடித்துத்தான் பூசை செய்கிறவர். கைக்குட்டையை விரித்து, உட்கார்ந்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அதைக் குடித்து முடித்ததும், "தம்பி, மாரியம்மன் கோயிலுக்குப் பதிச்ச ஓடு மிச்சம் இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

கருவறைச் சுவரில் பதித்து மீந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள் கோயில் பின்னால் கிடந்தன. ஒன்றைக் கேட்டதற்குப் பூசாரி, முனியாண்டி சமாதானம் ஆகிவிட்டாரா என்று விசாரித்துவிட்டு, குங்குமம் வைத்துத்தான் கொடுத்தார். அதைத் தொட்டியின் அடியில், குச்சி இறங்கும் இடத்தில், காய்ச்சிய தாரில் பதித்தேன். அந்தப் பீங்கானை ஆசிட் ஒன்றும் செய்யாது. பூணுக்கும் ஒரு ரப்பர் துண்டை மாட்டிவிட்டோம். ரப்பர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம்?

துரை வந்து டார்ச்சு அடித்துப் பார்த்தார். ஐயா எல்லாவற்றையும் சொன்னார்.

"இவன் தினம் யாரைக் கூப்பிடுது?"

"முருகனை, துரை."

"முருகன் பதில் சொல்லுது?"

"இவ்வளவு நாளும் ஓட்டையாலை சொன்னவர். இனிச் சொல்லமாட்டார்."

துரை குச்சியை வாங்கி, உள்ளே விட்டு, மூன்று முறை தட்டினார். டிக், டிக், டிக். "ஆல்ரைட். நீ சாமி கும்புடு. ஓட்டை வந்தா நீயும் முருகனும் சாமான் எடுத்துப் போ." அதற்குப் பிறகு அந்தத் துரை ஸ்டோருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை குச்சியை வாங்கித் தட்டிவிட்டுத்தான் போவார். காரணம் நாங்கள் கேட்கவில்லை.

தை வரை தினமும் வேலை தொடங்குமுன் தொட்டிக்கு அடியில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். என் விரல் காய்ந்தே இருந்தது. பெரிய கிராணியும் குனிந்து பார்ப்பார். இரண்டு பேர் தலையும் ஒருநாள் முட்டிக்கொண்டன. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, என்ன?" என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மாமா அதையே பெரிதாக எடுத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையில் அவர் பேரை முதலில் போடச் சொன்னார்.

அம்மன் அருளால் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் தம்பி தங்கைகளோடு படுக்கவே இடம் இல்லை. தனி வீடு காலியில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மாமா வீட்டில் ஓர் அறை இருந்தது. என் தாய்மாமன் தலையில் அடித்துக்கொள்ள, நான் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரசு வீட்டுக்கே போனேன். லயமே வாசலில் நின்று கேலி செய்தது. வெள்ளைக் கால்சட்டையோடு கனகசபை ஐயாவும் நின்றார். எல்லாரையும் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆர் ஆற்றை வீட்டுக்குப் போறது?"

"மாப்பிள்ளைதான் ஐயா, பொண்ணு வீட்டுக்கு."

"இப்பவாவது விளங்கிச்சுதோ?" என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை அவர் வேறு எதற்காவது பயன்படுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை எழுதி முடித்துச் சரசுவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தண்ணி முதல்ல, ஆசிட் பிறகுன்னு எழுதியிருக்கீங்க, சரி. ஆசிட்ட இத்தன வருஷம் தாங்கின தொட்டி யாருன்னு எழுதலயே?"

எழுதிவிட்டேன்.